மறுக்கப்பட்டால் என்ன செய்வோம்? டிஜிட்டல் இறையாண்மையின் அளவுகோல்

2025 ஜூலை 18 அன்று ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்யாவுக்கு எதிரான தனது 18ஆவது பொருளாதாரத் தடைத் தொகுப்பை அறிவித்தது. குஜராத்தின் வாடினாரில் இருக்கும் நயாரா எனர்ஜியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. ஆண்டுக்கு 2 கோடி டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் திறன் கொண்ட ஆலை அது. நாடெங்கும் 6,000க்கும் மேற்பட்ட பெட்ரோல் பங்க்குகள் அந்த நிறுவனத்தின் பெயரில் இயங்குகின்றன. ரஷ்ய அரசு நிறுவனமான ராஸ்நெஃப்டுக்கு அதில் 49 சதவீதத்துக்குச் சற்றுக் கூடுதலான பங்கு இருப்பதுதான் தடைக்குக் காரணம். அடுத்த சில நாட்களில் நயாராவின் ஊழியர்களால் அலுவலக மின்னஞ்சலைத் திறக்க முடியவில்லை. மைக்ரோசாஃப்ட் தன் சேவைகளை நிறுத்தியிருந்தது. முழுக் கட்டணம் செலுத்திப் பெற்ற உரிமங்கள் முன்னறிவிப்பின்றி முடக்கப்பட்டன, தனக்குச் சொந்தமான தரவைத் தானே பார்க்க முடியவில்லை, இப்படிச் செய்யும்படி அமெரிக்கச் சட்டமோ இந்தியச் சட்டமோ கட்டாயப்படுத்தவில்லை என்று கூறி ஜூலை 28 அன்று நயாரா டெல்லி உயர் நீதிமன்றத்தை நாடியது. இடைப்பட்ட நாட்களில் உள்நாட்டு நிறுவனமான ரெடிஃப்பின் மின்னஞ்சல் சேவைக்கு மாறியது. ஜூலை 30 அன்று மைக்ரோசாஃப்ட் சேவைகளை மீட்டளித்தது. வழக்கும் அத்துடன் முடிந்தது.

சுமார் ஒரு வாரத்தில் தீர்ந்துவிட்ட சிக்கல் என்று இதைக் கடந்துபோவது எளிது. ஆனால் நடந்ததை அடுக்கிப் பார்த்தால் அது அத்தனை சிறிய விஷயமல்ல என்பது தெரியும். பிரஸ்ஸல்ஸில் எடுத்த முடிவொன்றை, அமெரிக்காவில் தலைமையகம் கொண்ட நிறுவனம் ஒன்று, இந்தியச் சட்டத்தின்படி பதிவுபெற்று இந்திய மண்ணில் இயங்கும் நிறுவனத்தின் மீது நடைமுறைப்படுத்தியது. இந்திய நாடாளுமன்றத்துக்கோ அரசுக்கோ நீதிமன்றத்துக்கோ அந்த முடிவில் எந்தப் பங்கும் இல்லை. அந்த மின்னஞ்சல்கள் மும்பையில் உள்ள தரவு மையத்தில் இருந்தனவா, சிங்கப்பூரில் இருந்தனவா என்பது இதில் ஒரு பொருட்டாகவே இல்லை. எங்கே இருந்திருந்தாலும் கதவு அடைபட்டுத்தான் இருந்திருக்கும். இந்தியாவில் ஏழெட்டு ஆண்டுகளாக நடந்துவரும் டிஜிட்டல் இறையாண்மை விவாதம் பெரும்பாலும் தரவை எங்கே சேமிப்பது என்பதையே சுற்றிவந்திருக்கிறது. அது இரண்டாம் நிலைக் கேள்வி என்பது என் வாதம். ஒரு சேவையை அளிப்பவர் நாளை மறுத்தால் நம்மால் தொடர்ந்து இயங்க முடியுமா, அந்தச் சேவையைக் கட்டுப்படுத்துபவர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்ற இரண்டுமே முதல்நிலைக் கேள்விகள். சேமிப்பிடத்தை மட்டும் வைத்து இறையாண்மையை அளந்தால் பாதுகாப்பு இருப்பதாக நாமே நம்பிக்கொள்வோம். சோதனை வரும் நாளில் அது இருக்காது.

சேமிப்பிட விதிக்கு ஒரு நியாயம் உண்டு. அதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். 2018 ஏப்ரல் 6 அன்று இந்திய ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை, பணப் பரிவர்த்தனைத் தரவு முழுவதையும் இந்தியாவிலேயே வைத்திருக்க வேண்டும் என்றது. ஆறு மாத அவகாசம் தந்தது. அதற்கு இணங்கவில்லை என்று கூறி 2021இல் ரிசர்வ் வங்கி, அமெரிக்கன் எக்ஸ்பிரஸ், டைனர்ஸ் கிளப், மாஸ்டர்கார்டு ஆகியவை புதிய வாடிக்கையாளர்களைச் சேர்க்கத் தடை விதித்தது. 2022 ஆகஸ்டுக்குள் அவை ஒவ்வொன்றாக இணங்கின, தடையும் விலகியது. ஒரு மோசடியை விசாரிக்கும்போது ஆவணங்களுக்காக வெளிநாட்டு அலுவலகம் ஒன்றிடம் ஒழுங்காற்று அமைப்பு கையேந்தி நிற்கக் கூடாது என்பதுதான் அந்த விதியின் நோக்கம். அந்த அளவில் அது வெற்றி பெற்ற விதி. நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018இல் தந்த வரைவுச் சட்டம் இதையே எல்லாத் தனிநபர் தரவுக்கும் விரித்து, ஒரு நகலாவது இந்தியாவில் இருக்க வேண்டும் என்றது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தளர்த்தி, எந்த நாட்டுக்குத் தரவு போகக் கூடாது என்று அறிவிக்கும் அதிகாரத்தை மட்டும் மத்திய அரசுக்குத் தந்தது. ஆக, மூன்று கட்டங்களிலும் பேச்சு இடத்தைப் பற்றியதாகவே இருந்தது.

இடம் ஏன் போதாது என்பதை அமெரிக்காவின் சட்டமே காட்டுகிறது. 2013இல் போதைப்பொருள் வழக்கு ஒன்றில், டப்ளினில் இருந்த மைக்ரோசாஃப்ட் சர்வரில் உள்ள மின்னஞ்சல்களைக் கேட்டு அமெரிக்க அரசு ஆணை பெற்றது. அயர்லாந்தில் இருப்பதைத் தர முடியாது என்று அந்த நிறுவனம் பல ஆண்டுகள் வழக்காடியது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்வதற்கு முன்பே, 2018 மார்ச்சில் ‘கிளவுட் சட்டம்’ நிறைவேறியது. ஒரு அமெரிக்க நிறுவனத்தின் பொறுப்பிலோ கட்டுப்பாட்டிலோ உள்ள தரவு உலகில் எங்கே கிடந்தாலும், உரிய ஆணை வந்தால் அதைத் தந்தாக வேண்டும் என்பது அச்சட்டத்தின் சாரம். 2025 ஜூனில் பிரெஞ்சு செனட் விசாரணைக் குழு முன் மைக்ரோசாஃப்ட் பிரான்ஸின் சட்டப் பிரிவுத் தலைவர் சாட்சியம் அளித்தார். பிரெஞ்சுக் குடிமக்களின் தரவு பிரெஞ்சு அரசின் ஒப்புதல் இல்லாமல் அமெரிக்க அரசுக்கு ஒருபோதும் போகாது என்று உறுதி தர முடியுமா என்று கேட்கப்பட்டது. முடியாது என்று அவர் சத்தியப் பிரமாணத்தின் கீழ் சொன்னார்; அப்படி இதுவரை நடந்ததில்லை என்றும் சேர்த்துச் சொன்னார். நேர்மையான பதில் அது. சென்னைச் சிறுசேரியிலோ அம்பத்தூரிலோ கட்டப்படும் தரவு மையத்தை இயக்குவது அமெரிக்க நிறுவனம் என்றால் அந்தப் பதில் அங்கும் பொருந்தும்.

இன்னும் ஒரு படி போனால், உள்நாட்டிலேயே வைத்திரு என்ற விதி சில வேளைகளில் நாட்டுக்கே ஆபத்தாகிவிடுகிறது. உக்ரைனில் அரசுத் தரவை வெளிநாட்டு கிளவுட்டில் வைக்கச் சட்டத் தடை இருந்தது. 2022 பிப்ரவரியில், ரஷ்யப் படையெடுப்புக்கு ஒரு வாரம் முன்பு, நாடாளுமன்றம் அந்தத் தடையை விலக்கியது. அமேசான் நிறுவனம் பெட்டி போன்ற சேமிப்புக் கருவிகளை அனுப்பியது. நிலப் பதிவேடு, வரிக் கணக்கு, கல்விச் சான்றுகள் எல்லாம் அவற்றில் நகலெடுக்கப்பட்டு எல்லை தாண்டின. அப்படிப் போன தரவு 10 பெட்டாபைட்டுக்கும் மேல். படையெடுப்பின் தொடக்கத்திலேயே ரஷ்ய ஏவுகணைகள் அரசுத் தரவு மையம் ஒன்றைக் குறிவைத்துத் தாக்கின. பழைய விதி அப்படியே இருந்திருந்தால், யாருக்கு எந்த நிலம் சொந்தம் என்ற பதிவுகூட அழிந்துபோயிருக்கக்கூடும். தென் கொரியாவில் போர் கூட இல்லை. பேட்டரித் தீ ஒன்றே போதுமானதாக இருந்தது. 2025 செப்டம்பர் 26 அன்று டேஜியான் நகரில் உள்ள தேசியத் தகவல் வள மையத்தில் லித்தியம் பேட்டரிகள் தீப்பிடித்ததில் 600க்கும் மேற்பட்ட அரசு அமைப்புகள் முடங்கின. அரசு ஊழியர்கள் தங்கள் வேலைக் கோப்புகளைச் சேமித்து வைத்த ‘ஜி-டிரைவ்’ முற்றிலும் எரிந்தது. 858 டெராபைட் தரவுக்கு வேறெங்கும் நகல் இல்லை. உலகின் மிக முன்னேறிய டிஜிட்டல் அரசுகளில் ஒன்று, தன் சொந்த மண்ணில், தன் சொந்தக் கட்டடத்தில், தன் சொந்த ஊழியர்களின் பொறுப்பில் வைத்திருந்த தரவு அது.

எஸ்தோனியா இதற்கு நேரெதிர் வழியில் போனது. 13 லட்சம் மக்கள் மட்டுமே உள்ள அந்த நாடு 2007இல் பெரும் இணையத் தாக்குதலைச் சந்தித்தது. 2017இல் லக்ஸம்பர்க்குடன் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. அங்குள்ள தரவு மையத்தில் எஸ்தோனிய அரசின் முக்கியப் பதிவேடுகளின் நகல் இருக்கும். தூதரகத்துக்கு உள்ள விலக்குரிமை அந்தச் சர்வர்களுக்கும் உண்டு. எஸ்தோனியாவின் அனுமதியின்றி லக்ஸம்பர்க் அதிகாரிகளே உள்ளே நுழைய முடியாது. தரவு நாட்டுக்கு வெளியே இருக்கிறது, கட்டுப்பாடோ முழுக்க நாட்டிடம் இருக்கிறது. நாடே ஆக்கிரமிக்கப்பட்டாலும் அரசு தொடர்ந்து இயங்க வேண்டும் என்ற கேள்வியிலிருந்து தொடங்கியதால்தான் அவர்களால் இப்படி யோசிக்க முடிந்தது.

மறுப்பு உண்மையிலேயே வந்தபோது தாங்கி நின்ற அமைப்பு எது என்று தேடினால், நமக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் ரஷ்யாவின் பணப் பரிவர்த்தனை அமைப்பைத்தான் பார்க்க வேண்டும். 2014இல் கிரிமியாவை ரஷ்யா கைப்பற்றிய பிறகு விசாவும் மாஸ்டர்கார்டும் சில ரஷ்ய வங்கிகளின் அட்டைகளை நிறுத்தின. அந்த எச்சரிக்கையை ரஷ்யா வீணாக்கவில்லை. அதே ஆண்டு தேசியக் கட்டண அட்டை அமைப்பை உருவாக்கி, உள்நாட்டில் நடக்கும் எல்லா அட்டைப் பரிவர்த்தனைகளும், அவை விசா அட்டையாகவே இருந்தாலும், அந்த அமைப்பின் வழியே செல்ல வேண்டும் என்று விதித்தது. 2015 இறுதியில் ‘மிர்’ அட்டை வந்தது. 2022 மார்ச்சில் விசாவும் மாஸ்டர்கார்டும் ரஷ்யாவை விட்டு வெளியேறின. ரஷ்யர்களின் அட்டைகள் வெளிநாடுகளில் செல்லாமல் போயின. உள்நாட்டுக் கடைகளில் அதே விசா அட்டைகள் வழக்கம்போல் வேலை செய்தன. ஏனென்றால் பரிவர்த்தனையை நடத்திய சுவிட்ச் ஏழு ஆண்டுகளாக மாஸ்கோவின் கட்டுப்பாட்டில் இருந்தது. ஒரு பேரரசுப் போரை நடத்திய அரசுக்கு இது உதவியது என்பது வேதனையான உண்மை. ஆனால் தொழில்நுட்பப் பாடம் தெளிவானது: மேலே ஒட்டப்பட்ட பெயர் யாருடையது என்பதைவிட, நடுவில் இருக்கும் இணைப்பு யாருடையது என்பதே முக்கியம்.

இந்தியா இந்தப் பாடத்தை யாரும் மிரட்டாமலேயே கற்றுக்கொண்டது. ரிசர்வ் வங்கியும் இந்திய வங்கிகள் சங்கமும் சேர்ந்து 2008இல் தேசியக் கொடுப்பனவுக் கழகத்தைத் தொடங்கின. 2012இல் ரூபே, 2016இல் யுபிஐ. தேநீர்க் கடையில் ஒருவர் கியூஆர் குறியீட்டைப் படமெடுத்து 15 ரூபாய் அனுப்பும்போது நடப்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். அவர் கையில் இருக்கும் செயலி பெரும்பாலும் ஃபோன்பே அல்லது கூகுள் பே. முன்னதில் பெரும்பான்மைப் பங்கு அமெரிக்காவின் வால்மார்ட்டுக்கு. பின்னது கூகுளுக்கே சொந்தம். செயலி தனக்குத் துணைநிற்கும் வங்கிக்குக் கோரிக்கையை அனுப்புகிறது. அது கழகத்தின் மைய சுவிட்ச்சுக்குப் போகிறது. சுவிட்ச், பணம் அனுப்புபவரின் வங்கியில் கழித்து, கடைக்காரரின் வங்கியில் வரவு வைக்கச் செய்து, இரு தரப்புக்கும் பதில் அனுப்புகிறது. இதில் பலர் அறியாத ஒரு நுணுக்கம் உண்டு. ரகசிய எண்ணைக் கேட்கும் அந்தத் திரை செயலியுடையது அல்ல. கழகம் எழுதி எல்லாச் செயலிகளுக்குள்ளும் பதித்த பொது மென்பொருள் பகுதி அது. எண் அங்கேயே மறையாக்கம் செய்யப்பட்டுவிடுவதால் கூகுளோ ஃபோன்பேவோ அதைப் பார்க்க முடியாது. விதியை எழுதுவது, நடு இணைப்பை நடத்துவது, சாவியைத் தொடும் இடத்தைக் காப்பது ஆகிய மூன்றும் பொது அமைப்பிடம் இருக்க, வெளித்தோற்றம் மட்டும் தனியாரிடம் இருக்கிறது. கூகுள் பே நாளை இந்தியாவை விட்டுப் போனால், அதன் பயனர் வேறொரு செயலியைத் தரவிறக்கி, அதே வங்கிக் கணக்கை இணைத்து, சில நிமிடங்களில் பணம் அனுப்பலாம். நயாராவின் மின்னஞ்சலுக்கும் இந்த 15 ரூபாய்க்கும் உள்ள வேறுபாடு முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது.

ஆயினும் யுபிஐயை ஒரு வெற்றிக் கதையாக மட்டும் சொல்லி முடிப்பது சரியாகாது. பரிவர்த்தனைகளில் சுமார் 80 சதவீதம் இந்த இரண்டு செயலிகள் வழியேதான் நடக்கிறது. எந்தச் செயலியும் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று கழகம் 2020 நவம்பரில் அறிவித்தது. காலக்கெடு 2022இலிருந்து 2024க்கும், பிறகு 2026 இறுதிக்கும் தள்ளிப்போனது. ஒரு பயனர் சில நிமிடங்களில் மாறலாம் என்பது உண்மை. கோடிக்கணக்கானவர்கள் ஒரே நாளில் மாறினால் மற்றச் செயலிகளும் அவற்றின் வங்கிகளும் தாங்குமா என்று யாரும் சோதித்ததில்லை. உள்நாட்டு மையமும் தடுமாறாத ஒன்றல்ல. 2025 மார்ச் 26, ஏப்ரல் 12 ஆகிய நாட்களில் யுபிஐ நாடு முழுவதும் தடைபட்டது. ஏப்ரல் தடங்கலுக்கு, வங்கிகள் பழைய பரிவர்த்தனைகளின் நிலையை ஓயாமல் கேட்டு சுவிட்ச்சைத் திணறடித்ததே காரணம் என்று கழகம் விளக்கியது. 2025 ஆகஸ்டில் மாதத்துக்கு 2,000 கோடிப் பரிவர்த்தனைகளைத் தாண்டிய ஓர் அமைப்புக்கு ஒரே ஒரு நடுமையம் போதுமா என்ற கேள்வி, அந்த மையம் நம்முடையது என்பதால் மறைந்துவிடுவதில்லை.

இந்த வாதத்துக்கு எழும் முதல் மறுப்பு, நயாரா ஒரு விதிவிலக்கு என்பது. ரஷ்யப் பங்கு இல்லாத சாதாரண நிறுவனத்துக்கும் குடிமகனுக்கும் அதனால் என்ன என்று கேட்கலாம். 2019 அக்டோபரில் வெனிசுலாவில் நடந்ததை அவர்கள் பார்க்க வேண்டும். அமெரிக்க அதிபரின் ஆணையைக் காரணம் காட்டி, அந்த நாட்டில் உள்ள எல்லா வாடிக்கையாளர்களின் கணக்குகளையும் மூடப்போவதாக அடோபி அறிவித்தது. படம் வரைபவர்கள், பத்திரிகை வடிவமைப்பாளர்கள், மாணவர்கள் யாரும் எந்தத் தடைப் பட்டியலிலும் இல்லை. வேறு நாட்டில் பிறந்திருக்க வேண்டும் என்பதைத் தவிர அவர்கள் செய்திருக்கக்கூடியது ஒன்றுமில்லை. அமெரிக்க அரசிடம் தனி உரிமம் பெற்ற பிறகு, மாத இறுதியில் அடோபி முடிவை மாற்றிக்கொண்டது. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் தலைமை வழக்கறிஞர் மீது அமெரிக்கா 2025இல் தடை விதித்த பிறகு, அந்த நீதிமன்றமே தன் அலுவலக மென்பொருளை மைக்ரோசாஃப்டிலிருந்து ஜெர்மனியின் ‘ஓப்பன்டெஸ்க்’குக்கு மாற்ற முடிவெடுத்தது. பட்டியலில் யார் பெயர் சேரும் என்பதைப் பட்டியல் எழுதுபவர்தான் தீர்மானிக்கிறார். நட்பு நாடு என்ற உறுதி ஒரு தேர்தல் முடிவு வரைதான்.

இரண்டாவது மறுப்பு வலுவானது. எல்லாவற்றையும் நாமே செய்துகொள்வது நடக்கக்கூடிய காரியமா? நடக்காது. நாவிக் செயற்கைக்கோள் வழிகாட்டியின் வரலாறே சாட்சி. ஜிபிஎஸ்ஸை நம்பியிருக்கக் கூடாது என்று 2013 முதல் இஸ்ரோ ஒவ்வொன்றாக ஏவிய செயற்கைக்கோள்களில் இருந்த ரூபிடியம் அணுக் கடிகாரங்கள் சுவிட்சர்லாந்தில் வாங்கப்பட்டவை. முதல் செயற்கைக்கோளின் மூன்று கடிகாரங்களும் சில ஆண்டுகளிலேயே பழுதாயின. நேரம் துல்லியமாகத் தெரியாத வழிகாட்டிச் செயற்கைக்கோளால் இடத்தைச் சொல்ல முடியாது. அதற்குப் பதிலாக 2017இல் ஏவியது ராக்கெட்டின் மூக்குக் கவசம் பிரியாமல் தோற்றது. உள்நாட்டில் செய்த கடிகாரத்துடன் என்விஎஸ்-01 போனது 2023 மே மாதத்தில்தான். அடுத்த என்விஎஸ்-02, 2025 ஜனவரியில் ஏவப்பட்டும் உரிய சுற்றுப்பாதைக்குப் போய்ச் சேரவில்லை. சுதேசி என்று நாம் பெயரிடும் ஒவ்வொன்றின் அடியிலும் இப்படி ஒரு வெளிநாட்டுக் கடிகாரம் இருக்கக்கூடும். சில்லுகளை எடுத்துக்கொண்டால், மிக நுண்ணிய சில்லுகளை அச்சிடும் இயந்திரத்தை நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் மட்டுமே செய்கிறது. அமெரிக்காவும் அதை வாங்கித்தான் ஆக வேண்டும். ஆகவே முழுத் தற்சார்பை இலக்காக வைத்துப் பேசுவது, ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கான சாக்காகவே முடியும். மாற்றிக்கொள்ளும் திறனை இலக்காக வைத்தால் கணக்கு வேறு. எந்த அடுக்கில் மறுப்பு வந்தால் நாடு நின்றுபோகும், எந்த அடுக்கில் ஆறு மாதம் சமாளிக்கலாம், எதற்கு உலகில் பல விற்பனையாளர்கள் இருக்கிறார்கள் என்று பிரித்துப் பார்த்து, முதல் வகைக்கு மட்டும் பொதுப் பணத்தைக் கொட்டலாம்.

அலுவலக மென்பொருள் அப்படி மாற்றிக்கொள்ளக்கூடிய அடுக்கு. ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநில அரசு 2025 அக்டோபரில் 40,000க்கும் மேற்பட்ட அஞ்சல் பெட்டிகளை மைக்ரோசாஃப்டிலிருந்து திறமூல மென்பொருளுக்கு மாற்றி முடித்தது. இது தமிழ்நாட்டுக்குப் புதிய யோசனை அல்ல. 2007 வாக்கில், சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, மாநில அரசின் எல்காட் நிறுவனம் தன் அலுவலகக் கணினிகளை லினக்ஸுக்கும் ஓப்பன் ஆபீஸுக்கும் மாற்றியது. அரசுத் துறைகளுக்கும் அதையே பரிந்துரைத்தது. சென்னையில் உள்ள சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸ் தமிழிலும் இயங்கியது. கேரளம் தன் பள்ளிக் கணினிகளில் இந்த வழியை இன்றுவரை விடவில்லை. தமிழ்நாட்டில் அது அதிகாரிகளின் ஆர்வத்தோடு வந்தது, அதே வேகத்தில் தேய்ந்தது. மியூனிக் நகராட்சியும் பத்தாண்டுகளுக்கு மேல் லினக்ஸில் இருந்துவிட்டு 2017இல் விண்டோஸுக்குத் திரும்ப முடிவெடுத்தது. இந்தத் தோல்விகளைத் தொழில்நுட்பத்தின் தோல்வியாகப் பார்ப்பது தவறு. பயிற்சிக்கு நிதி ஒதுக்காமல், சட்ட வலுவில்லாமல், ஓர் அதிகாரியின் பதவிக்காலத்தை நம்பி எடுக்கும் முடிவுகள் இப்படித்தான் முடியும்.

அண்மையில் மத்திய அரசு வேறு வழியைத் தேர்ந்திருக்கிறது. 12 லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களின் மின்னஞ்சல், தேசியத் தகவல் மையத்தின் மேற்பார்வையில் ஜோஹோவின் தளத்துக்கு மாறியிருக்கிறது. சென்னையைத் தளமாகக் கொண்டு, தென்காசியிலும் அலுவலகம் வைத்து வளர்ந்த நிறுவனம் இத்தனை பெரிய பொறுப்பைப் பெற்றது தமிழர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. அந்த மகிழ்ச்சியில் ஒரு கேள்வியை விட்டுவிடக் கூடாது. ஓர் இந்திய நிறுவனம் பிரஸ்ஸல்ஸின் ஆணைக்குப் பணிய வேண்டியதில்லை. அது உறுதியான ஆதாயம். ஆனால் மூல நிரலை அரசால் பார்க்க முடியாவிட்டால், கோப்புகளை வேறொரு நிறுவனத்திடம் அப்படியே கொண்டுபோக முடியாவிட்டால், விலை உயர்வுக்கும் நிறுவனம் கைமாறுவதற்கும் நாம் அதே அளவு ஆட்பட்டவர்கள்தான். விற்பவரின் ஊர் எது என்பதோடு, அவரை விட்டு விலகும் வழி எது என்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

இந்த அளவுகோலை நமக்கு எதிராகவும் திருப்பிப் பார்த்தால்தான் அது நேர்மையான அளவுகோல். இலங்கையின் புதிய டிஜிட்டல் அடையாள அட்டைத் திட்டம் இந்திய மானியத்துடன் உருவாகிறது. தன் குடிமக்களின் கைரேகையும் முகப்படமும் அடங்கிய அமைப்பை அண்டை நாட்டின் பணத்தில் கட்டுவதா என்ற எதிர்ப்பு கொழும்பில் வலுவாக எழுந்தது. அமெரிக்காவிடம் நாம் கேட்கும் அதே கேள்வியை அவர்கள் நம்மிடம் கேட்கிறார்கள். கேட்க முழு உரிமை அவர்களுக்கு உண்டு. போர்க்காலக் கண்காணிப்பின் நினைவு ஆறாத வடக்கு கிழக்குத் தமிழர்களுக்கு, அந்தத் தரவு கொழும்பின் கையில் எப்படிப் பயன்படும் என்ற இன்னொரு அச்சமும் இருக்கும். முதல் கேள்விக்கு ஓரளவு பதில் தரக்கூடியது பெங்களூரு ஐஐஐடியில் உருவான மோசிப் போன்ற திறமூல அடித்தளம்: நிரல் திறந்திருப்பதால் இந்திய நிறுவனங்கள் விலகினாலும் இலங்கைப் பொறியாளர்கள் அதைத் தாங்களே நடத்தலாம். இரண்டாவது கேள்விக்கு எந்த நிரலும் பதில் சொல்லாது; அதற்குச் சட்டம் வேண்டும்.

நம் நாட்டிலும் அந்தச் சட்டம்தான் பலவீனமாக இருக்கிறது. தற்சார்பு மட்டும் அந்த இடத்தை நிரப்பாது: தொழில்நுட்பத் தற்சார்பில் வென்ற ரஷ்யாதான், 2025இல் வாட்ஸ்அப் அழைப்புகளை முடக்கிவிட்டு, அரசு ஆதரவு பெற்ற ‘மாக்ஸ்’ செயலியைப் புதிய கைபேசிகள் அனைத்திலும் கட்டாயமாகப் பதித்தது. காஷ்மீரில் 2019 ஆகஸ்டில் இணையத்தை நிறுத்தியது எந்த வெளிநாட்டு நிறுவனமும் அல்ல, நம் அரசு. 4ஜி சேவை திரும்பி வர 2021 பிப்ரவரி ஆயிற்று. இடையில், 2020 ஜனவரியில், அனுராதா பாசின் வழக்கில் காலவரையற்ற இணையத் தடை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியும் அத்தனை காலம் எடுத்தது. தொடர்ந்து இயங்க முடியுமா என்ற சோதனையில் அந்த மக்கள் 18 மாதங்கள் தோற்றார்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் 2017இல் புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தார்கள். ஸ்ரீகிருஷ்ணா குழுவின் வரைவு, அரசு விலக்குக் கேட்டால் அது தேவையானதா, அளவுக்கு உட்பட்டதா என்று பார்க்க வேண்டும் என்றது. 2023 சட்டத்தின் 17ஆம் பிரிவு அந்த வரம்புகளை விட்டுவிட்டு, இறையாண்மை, பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக எந்த அரசு அமைப்புக்கும் சட்டத்திலிருந்தே விலக்குத் தரும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு வழங்குகிறது. முறையீடுகளை விசாரிக்கும் வாரியத்தின் தலைவரையும் உறுப்பினர்களையும் நியமிப்பதும் மத்திய அரசே.

அரசின் அத்துமீறலைப் பேசுவது வெளிநாட்டு நிறுவனங்களுக்கு எதிரான கரத்தைத் தளர்த்தும் என்று சிலர் கூறுவார்கள். ஐரோப்பிய அனுபவம் இதற்கு மாறானது. அமெரிக்காவுக்குத் தரவு செல்ல வழிசெய்த இரண்டு ஏற்பாடுகளை ஐரோப்பிய நீதிமன்றம் 2015லும் 2020லும் ரத்துசெய்தது. அமெரிக்க உளவு அமைப்புகளின் கண்காணிப்புக்கு எதிராக ஓர் ஐரோப்பியர் முறையிட அங்கே உருப்படியான வழி இல்லை என்பதே அடிப்படைக் காரணம். சட்டத்தின் வலுவே அங்கே பேரம் பேசும் வலுவாக மாறியது. வெளிநாடுகளுக்கு மென்பொருள் சேவை விற்றுப் பிழைக்கும் சென்னைக்கும் கோவைக்கும் பெங்களூருவுக்கும் இது நேரடியாகப் பொருந்தும். கட்டற்ற கண்காணிப்பு அதிகாரம் உள்ள நாட்டுக்குத் தங்கள் குடிமக்களின் தரவை அனுப்பலாமா என்று நாளை ஐரோப்பா நம்மைக் கேட்டால், 17ஆம் பிரிவை வைத்துக்கொண்டு நாம் சொல்லும் பதில் நிற்காது.

செய்ய வேண்டியவை பெரும் நிதி கேட்பவை அல்ல. மத்திய, மாநில அரசுகளின் ஒவ்வொரு மென்பொருள் ஒப்பந்தத்திலும், மூன்றாம் நாட்டின் ஆணையைக் காரணம் காட்டி இந்திய நீதிமன்றத்தின் அனுமதியின்றிச் சேவையை நிறுத்தக் கூடாது என்ற பிரிவு வேண்டும். கோப்புகள் திறந்த வடிவத்தில் இருக்க வேண்டும். நகல் வேறொரு ஊரில், வேறொருவரின் பொறுப்பில் இருக்க வேண்டும். தீயணைப்புப் பயிற்சி போல, ஆண்டுக்கு ஒரு நாள் முக்கிய சேவையைத் துண்டித்து, மாற்று ஏற்பாட்டில் இயக்கிப் பார்த்து, முடிவை வெளியிட வேண்டும். 17ஆம் பிரிவின் விலக்குகள் நீதித்துறையின் முன்னனுமதிக்கு உட்பட வேண்டும். தமிழ்நாட்டில் பத்திரப் பதிவு, ரேஷன், மருத்துவக் காப்பீடு என எல்லாமே சர்வர்களை நம்பி இயங்குகின்றன. அவற்றுள் எவற்றுக்கு இப்படி மாற்று ஏற்பாடு இருக்கிறது, கடைசியாக எப்போது அதைச் சோதித்தார்கள் என்று சட்டமன்றத்தில் ஒரு கேள்வி எழுப்பினால் போதும், உண்மை நிலை வெளிவரும். அந்தக் கேள்வியை உங்கள் தொகுதி உறுப்பினரிடம் கொண்டுசெல்லுங்கள்.